தோட்டத்துப் பாலம் யார் கணக்கில்?

பட்ஜெட்டில் சாலைக்கும் பாலத்துக்கும் நிதி என்று காலையிலிருந்து ஆளாளுக்குப் பகிர்கிறீர்கள். மகிழ்ச்சி. ஆனால் அந்தப் பணம் செம்பனைத் தோட்டத்துக்குள் எந்த வழியாக வரும்? மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின் 109ஆவது பிரிவின்படி மாநிலங்களுக்குக் கிடைக்கும் சாலை மானியம், மாநிலச் சாலைகளின் நீளத்தையும் பராமரிப்புச் செலவையும் வைத்துக் கணக்கிடப்படுகிறது. மாரிஸ் எனப்படும் அரசின் சாலைப் பதிவேட்டில் ஏறாத சாலைக்கு அதில் ஒரு காசும் கிடையாது. தோட்டச் சாலையோ நிர்வாகத்தின் சொத்து.

செம்பனை லாரி போகும் பாலத்தில்தான் பள்ளிப் பஸ்ஸும் போகிறது. லாரியையே தாங்குகிறதே, பஸ்ஸுக்கு என்ன பயம் என்கிறார் தோட்ட அலுவலக எழுத்தரான கிராணி. (அவர் பிள்ளைகள் டவுனில் படிக்கிறார்கள்.)

சட்டமன்ற உறுப்பினர் வந்தால் தொகையைப் பிறகு கேட்கலாம். சாலை நிலத்தை அரசிடம் ஒப்படைத்துப் பதிவு செய்யும் வேலை எந்த மேசையில் கிடக்கிறது என்று முதலில் கேளுங்கள்.