கால் ஆடும் மேசையும் முப்பது பிள்ளைகளும்

சாவியைக் கையில் கொடுத்து, "இதுதான் உங்க ரூம். இரண்டாம் வகுப்பு, முப்பது பிள்ளைங்க" என்று சொல்லிவிட்டுப் போனார் தலைமையாசிரியை. திறந்து பார்த்தேன். வெளுத்துப்போன கரும்பலகை, பிள்ளைகளுக்கான டெஸ்குகள், கால் ஆடும் மேசை, கதவு சரியாக மூடாத ஓர் அலமாரி. பள்ளி திறக்க இரண்டு வாரம் இருந்தது. சாமான் வாங்கப் பணம் ஏதாவது உண்டா என்று கேட்டதற்கு, சாக்பீஸும் வருகைப் பதிவேடும் தருவோம் என்றார்கள்.

சரி, நம் கைக்காசுதான் என்று முடிவு செய்து, அன்றைக்கே செய்யக்கூடாத காரியத்தைச் செய்தேன். வண்ண வண்ணமாக ஆறு பிளாஸ்டிக் தட்டுகளும் ஒரு கட்டு சார்ட்டும் வாங்கி வந்தேன். தட்டு ஒவ்வொன்றும் அலமாரித் தட்டைவிட இரண்டு விரல் நீளம். கதவு மூடாத அலமாரி இப்போது மூடவே முடியாத அலமாரியானது. கடைசியில் பக்கத்து வகுப்பு டீச்சர் ஒரு ஸ்குரூடிரைவரோடு வந்து, "கதவு எதுக்கு? பிள்ளைங்களுக்கு உள்ளே இருக்கிறது தெரியணும்ல" என்று கதவையே கழற்றிவிட்டார். அந்த வருடம் நான் காசு செலவழிக்காமல் செய்த முதல் உருப்படியான மாற்றம் அதுதான்.

அதற்குப் பிறகுதான் அளவு டேப்பை எடுத்தேன். கட்டம் போட்ட தாளில் அறையை வரைந்து, டெஸ்குகளைத் துண்டுக் காகிதமாக வெட்டி, அங்கும் இங்கும் நகர்த்திப் பார்த்தேன். நிஜ டெஸ்கை இழுத்து இடுப்பு ஒடிவதைவிட இது எவ்வளவோ மேல். கதவுக்கும் கரும்பலகைக்கும் போகும் வழியை மட்டும் அடைக்கவே கூடாது. இடது கைக்காரப் பிள்ளைகளை டெஸ்கின் இடது ஓரத்தில் உட்காரவைத்தால் பாதி முழங்கைச் சண்டை குறையும். இதைப் பள்ளி திறந்து மூன்றாம் நாள், ஒரு சண்டையை விலக்கியபோதுதான் கற்றேன்.

அப்புறம் முட்டி போட்டு அறையைச் சுற்றி வந்தேன். யாராவது பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள். ஏழு வயதுப் பிள்ளை நின்றால் அதன் கண் ஏறக்குறைய 110 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். நான் ஆசையாக எழுதிய எழுத்து அட்டைகளோ கரும்பலகைக்கும் மேலே, எனக்கே எட்டாத உயரத்தில் தொங்கின. இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1907-இல் ரோம் நகரில் தன் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கிய கொஞ்ச காலத்திலேயே பிள்ளைகள் உயரத்துக்கு மேசை, நாற்காலி, கை எட்டும் அலமாரி என்றுதான் போனார். நூறு வருடத்துக்குப் பிறகும் நான் உத்தரத்தில் சார்ட் ஒட்டிக்கொண்டிருந்தேன்.

சுவர் விஷயத்தில் பிடிவாதமாகவே இருந்தேன். வெற்றுச் சுவர் பார்க்க ஏழ்மையாக இருக்கிறது, நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்ற கவலை. 2014-இல் அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மழலையர் வகுப்புப் பிள்ளைகளை நிறைய அலங்கரித்த அறையிலும் அலங்காரமில்லாத அறையிலும் மாற்றி மாற்றி உட்காரவைத்துப் பாடம் நடத்திப் பார்த்தார்கள். அலங்காரம் மிகுந்த அறையில் பிள்ளைகளின் கவனம் அதிகம் சிதறியது, பாடமும் குறைவாகவே மனதில் ஏறியது. இதைப் படித்த பிறகுதான் மனம் ஆறி, கரும்பலகைச் சுவரை முழுக்கக் காலி செய்தேன். பக்கச் சுவரில் ஒரு கயிறு கட்டி, துணி காயப்போடும் கிளிப்புகளை மாட்டிவிட்டேன். பிள்ளைகள் வரைந்தது, எழுதியது மட்டும் அதில் தொங்கும். வாங்கிய சார்ட் கட்டில் பாதி இன்னும் சுருட்டியபடியே இருக்கிறது.

கரும்பலகைக்கு நானே கறுப்புப் பெயின்ட் அடித்தேன். மூன்று நாள் காயவிட்டது வரை சரி. காய்ந்ததும் சாக்பீஸைப் படுக்கவைத்துப் பலகை முழுக்கத் தேய்த்து, துடைத்துவிட்டுத்தான் முதல் எழுத்து எழுத வேண்டும். பெயின்டில் உள்ள நுண்துளைகளில் சாக்பீஸ் தூள் சமமாகப் படிய வேண்டும் என்பதற்காக. எனக்கு அது தெரியாது. "வருக" என்று பெரிதாக எழுதினேன். அழித்தாலும் நிழல் போல நின்றது. கணக்குப் போட்டாலும் பாட்டு எழுதினாலும் பின்னால் "வருக" தெரியும்.

அட்டைப்பெட்டிகள்தான் என்னைக் காப்பாற்றின, ஒருமுறை கவிழ்க்கவும் செய்தன. வாய் பக்கவாட்டில் இருக்கும்படி பெட்டிகளைப் படுக்கவைத்து, ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிப் புத்தக அலமாரி செய்தேன். ஒரே வாரத்தில் அமுங்கிச் சரிந்தது. அட்டைக்குள் இருக்கும் மடிப்பு வரிகள் செங்குத்தாக நின்றால்தான் பாரம் தாங்கும். படுக்கவைத்தால் வரியும் படுத்துவிடுகிறது. பிறகு பெட்டிகளை நிமிர்த்தியே வைத்து, மேல் பாதியைச் சாய்வாக வெட்டி, ஓரத்தில் அகல டேப் ஒட்டினேன். புத்தகங்களின் அட்டைப் படம் முன்னால் தெரியும்படி நிறுத்தியதும், அதுவரை யாரும் தொடாத புத்தகங்கள் கைமாறத் தொடங்கின. இந்த வயதில் முதுகுப் பக்கத் தலைப்பைப் படித்து யார் புத்தகம் எடுக்கப் போகிறார்கள்?

எண்ணிப் பழக மணிச்சட்டம் வாங்க நினைத்தேன், விலையைப் பார்த்து விட்டுவிட்டேன். பிள்ளைகளிடம் பாட்டில் மூடி கொண்டுவரச் சொன்னேன். பத்தே நாளில் ஒரு வாளி நிறைந்தது. கழுவிக் காயவைத்து, பத்துப் பத்தாகப் பையில் போட்டோம். அப்படிப் போடுவதே ஒரு வாரக் கணக்குப் பாடம்.

ஆளுக்கொரு சிலேட்டு வேண்டும் என்பது அடுத்த ஆசை. ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் உறைக்குள் வெள்ளை அட்டை ஒன்றைச் செருகினேன். அதன்மேல் ஒயிட்போர்டு மார்க்கரால் எழுதி, ஜோடி தொலைந்த சாக்ஸால் துடைத்தால் போய்விடும். கேள்வி கேட்டால் முப்பது விடையும் ஒரே நேரத்தில் மேலே எழும். கை தூக்கும் நாலு பேரை வைத்து வகுப்பே புரிந்துகொண்டது என்று அதுவரை ஏமாந்திருக்கிறேன்.

ஒன்றில் மட்டும் கஞ்சத்தனம் பலிக்கவில்லை. மலிவான கத்தரிக்கோல் காகிதத்தை வெட்டாது, மடக்கும். பிள்ளை தன் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொள்ளும். ஆறு நல்ல கத்தரி வாங்கிக் குழுவுக்கு ஒன்றாகக் கொடுத்தேன். தட்டுகளிலும் பெட்டிகளிலும் பெயரோடு ஒரு படமும் ஒட்டினேன். படம் இல்லாத இடத்துக்குப் பொருள் திரும்பிப் போகவே இல்லை.

பென்சில் சீவும் வரிசைதான் கடைசியாகத் தீர்ந்தது. இரண்டு டப்பா வைத்தேன். ஒன்றில் கூரானது, மற்றொன்றில் மொட்டை. எழுதும்போது முனை உடைந்தால் மொட்டையைப் போட்டுவிட்டுக் கூரானதை எடுத்துக்கொள்ள வேண்டும். மாலையில் இரண்டு பேர் சீவி வைப்பார்கள். சீவுகிறவர் வேலைக்கு இப்போது அடுத்த மாதம் வரை முறை போட்டிருக்கிறது. இடையில் புதிதாக வந்து சேர்ந்த ஒரு பையன் முதல் நாளே அந்த முறைப் பட்டியலில் பெயர் கொடுத்தான். அப்புறம் கரும்பலகையை உற்றுப் பார்த்து, "மிஸ், எனக்காகவா வருகன்னு எழுதினீங்க?" என்றான். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.