மழையைக் கோடாகச் செதுக்கியவர்கள்

ஜப்பானிய ஓவியர் ஹிரோஷிகே 1857-இல் படைத்த, பாலத்தின் மேல் திடீரெனப் பெய்யும் மழையைக் காட்டும் மரக்கட்டை அச்சுப்படத்தை நேற்றிரவு திரையில் பெரிதாக்கி நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வானத்திலிருந்து பாலம் வரை தலைமுடி போன்ற மெல்லிய கருங்கோடுகள் சாய்வாக இறங்குகின்றன. அவற்றினூடே குடையைத் தாழ்த்திப் பிடித்தபடி சிலர் விரைகிறார்கள், ஆற்றில் ஒருவர் தனியாகத் தெப்பத்தைத் தள்ளிச் செல்கிறார். அந்தக் கோடு ஒவ்வொன்றும் செர்ரி மரப்பலகையில் மேடாக நிற்கும்படி, அதன் இருபுறமும் மரத்தைச் செதுக்கி நீக்கிய கையை எண்ணும்போது மலைப்பாக இருக்கிறது. ஓவியர் வரைய, செதுக்குநர் செதுக்க, அச்சிடுபவர் நிறத்துக்கு ஒரு பலகையாக மாற்றி மாற்றி ஒற்றியெடுக்க, பதிப்பாளர் விற்றார். ஓவியரின் பெயர் மட்டுமே நம் நினைவில் தங்கியது எனக்கு நெடுநாள் வருத்தம்.

இதே படத்தை டச்சு ஓவியர் வான்கா 1887-இல் பாரிஸில் எண்ணெய் வண்ணத்தில் படியெடுத்தார். நிழலின்றி ஒரே சீராகப் பரவும் நிறம், உறுதியான புறக்கோடு, படத்தின் விளிம்பில் துண்டாகும் உருவம் ஆகியவற்றை ஐரோப்பிய ஓவியர்கள் ஜப்பானிய அச்சுப்படங்களிலிருந்து ஆவலோடு எடுத்துக்கொண்டனர். பிரெஞ்சு ஓவியர் துலூஸ்-லோத்ரெக்கின் சுவரொட்டிகளில் அவற்றைத் தெளிவாகக் காணலாம். மற்றொரு ஜப்பானிய ஓவியரான ஹொகுசாயின் அச்சுப்படத்தில் எழும் பேரலையோ சட்டைகளிலும் கோப்பைகளிலும் புரண்டு, 2024-இல் ஜப்பானின் 1000 யென் தாளிலும் ஏறிவிட்டது. ஆயினும், மழையைக் கோடுகளாகவே வரையும் இன்றைய மங்கா என்னும் ஜப்பானியப் படக்கதைப் பக்கங்களைப் புரட்டும்போது, பேரலையைவிட அந்த நனைந்த பாலமே எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது.