பழைய லாரி ஸ்லோவில் குலுங்குது: பிராக்டிகலில் மார்க் போகும் இடங்கள்

டீசல் மெக்கானிக் பிராக்டிகல் ரிசல்ட் வந்துவிட்டது. பாஸ்தான். ஆனால் குறை கண்டுபிடிக்கும் பகுதியில் மட்டும் மார்க் சறுக்கியிருக்கிறது. காரணம் நாசிலுக்கு (சிலிண்டருக்குள் டீசலைத் தூவும் பாகம்) அடியில் வரும் ஒரு செப்பு வாஷர். அதனால் கீழே வாஷர் புராணம் கொஞ்சம் அதிகமாகவே ஓடும், பொறுத்துக்கொள்ளுங்கள். இன்லைன் பம்ப் (சிலிண்டருக்கு ஒரு எலிமெண்ட் என்று வரிசையாக வைத்த டீசல் பம்ப்) வைத்த 6 சிலிண்டர் டீசல் எஞ்சின் ஸ்லோவில் (ஆக்சிலரேட்டர் மிதிக்காமல் ஓடும்போது) குலுங்குகிறது, ஏன் என்பதுதான் கேள்வி. பாகங்களின் பெயர், நாலு ஸ்ட்ரோக் எல்லாம் உங்களுக்குத் தெரியும்.

ஸ்டார்ட் ஆனதும் ஸ்பேனரைத் தேடாதீர்கள். முதல் இரண்டு நிமிடம் காதுக்கும் கண்ணுக்கும். பேப்பரில் ‘குலுங்குகிறது’ என்று மட்டும் எழுதினால் ஒன்றுமே எழுதாத மாதிரிதான். எந்தக் குலுக்கல் என்று பெயர் வையுங்கள்:

- ஒரே தாளத்தில் ஓர் அடி மட்டும் விழாமல் போனால் மிஸ்ஸிங். ஏதோ ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை.
- ஆர்பிஎம் தானாக ஏறி இறங்கினால் ஹன்டிங். கவர்னர் (வேகத்தைச் சீராக வைக்கும் பாகம்), ஒட்டிக்கொள்ளும் ரேக் (டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் பம்ப் தண்டு), லிங்கேஜ், அல்லது டீசலில் காற்று.
- சத்தம் சீராக இருந்து கேபின் மட்டும் ஆடினால் மவுண்டிங் ரப்பர், அல்லது ஸ்லோ ஆர்பிஎம் மேனுவலில் உள்ளதைவிடக் கீழே.

ஐட்லிங் ஸ்க்ரூ பக்கம் கை போகவே கூடாது. 100 ஆர்பிஎம் ஏற்றினால் மிஸ்ஸிங் அமுங்கிவிடும். குறை போகாது, தடயம்தான் போகும்.

எப்போது வருகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். குளிரில் கண் எரியும் வெள்ளைப் புகையோடு மிஸ் ஆகி, சூடானதும் சரியானால் கம்ப்ரஷன் குறைவு அல்லது சொட்டும் நாசில். சூடான பிறகுதான் மிஸ் ஆகிறது என்றால் டைட் டாப்பெட் (வால்வுக்கு விட வேண்டிய இடைவெளி போதாதது), அல்லது தேய்ந்த பம்ப் எலிமெண்ட் (சூட்டில் டீசல் இளகி எலிமெண்ட் ஓரமாகக் கசியும்). லூஸ் டாப்பெட்தான் சத்தம் போட்டுக் காட்டிக்கொடுக்கும். டைட் டாப்பெட் வாயைத் திறக்காமல் வால்வைக் கருக்கும்.

அடுத்தது காற்று. டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் (டீசலை உறிஞ்சி மெயின் பம்புக்குத் தள்ளும் சின்ன பம்ப்) வரை டீசல் உறிஞ்சப்பட்டு வருகிறது. அந்தப் பகுதியில் ஹோஸ் வெடித்திருந்தாலும் ஓடும்போது வெளியே சொட்டாது, காற்றைத்தான் உள்ளே இழுக்கும். ஈரம் இல்லை, அதனால் லீக் இல்லை என்று எழுதுகிறவர்கள் இங்கேதான் விழுகிறார்கள். பம்பின் ஓவர்ஃப்ளோ ரிட்டர்ன் லைனில் உள்ளே தெரியும் ஒரு துண்டு டியூப் மாட்டினால் குமிழ் தெரியும். பிறகு ஒரு சுத்தமான கேனிலிருந்து குட்டை ஹோஸ் வழியாக நேரே ஃபீட் பம்புக்கு டீசல் கொடுங்கள். குமிழ் நின்றால் குறை டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவில். நிற்காவிட்டால் ஹேண்ட் பிரைமர், பேஞ்சோ போல்ட் (டீசல் போகத் துளையுள்ள போல்ட்) வாஷர், ஃபில்டர் ரிங் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். உள்ளே போன ஏரை வெளியேற்றும் வரிசை: ஃபில்டர், பம்ப் கேலரி, கடைசியில் நாசில் பைப் நட்.

காற்று இல்லை, மிஸ்ஸிங் உறுதி என்றால் கட்-அவுட் டெஸ்ட், அதாவது ஒவ்வொரு சிலிண்டருக்காக டீசலை நிறுத்திப் பார்ப்பது. ஸ்லோவில் ஓடும்போது நாசில் பக்கத்துப் பைப் நட்டை, துணி சுற்றி, அரைச் சுற்று மட்டும் தளர்த்துங்கள். சத்தம் தடுமாறி ஆர்பிஎம் இறங்கினால் அந்த சிலிண்டர் நல்லது. உடனே இறுக்கிவிட்டு அடுத்தது. எதைத் தளர்த்தும்போது சத்தம் மாறவில்லையோ அந்த சிலிண்டர்தான் நீங்கள் தேடுவது. இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் இருந்தால் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் ஒவ்வொரு கிளையையும் அளந்து பாருங்கள்; செத்த சிலிண்டரின் கிளை பின்தங்கும். காமன் ரெயில் எஞ்சினில் (எல்லா நாசிலுக்கும் ஒரே உயர் பிரஷர் குழாயிலிருந்து டீசல் போகும் வகை) மட்டும் நட்டைத் தளர்த்தவே கூடாது. அங்கே பிரஷர் 1000 பாரைத் தாண்டும், தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வைவாவில் கேட்பார்கள்.

இனி வாஷர். 3-ஆம் சிலிண்டர் செத்தது என்று வையுங்கள். 3, 4 நாசில்களை ஒன்றின் இடத்தில் மற்றதை மாற்றிப் போட வேண்டும். மிஸ்ஸிங் 4-க்கு நகர்ந்தால் நாசில் கோளாறு. 3-லேயே நின்றால் டாப்பெட், கம்ப்ரஷன், கடைசியாகப் பம்ப் எலிமெண்ட், டெலிவரி வால்வு. கேட்க எளிது. ஆனால் நாசிலை உருவும்போது பழைய செப்பு வாஷர் பல சமயம் கரியோடு ஒட்டிக்கொண்டு குழியின் அடியிலேயே தங்கிவிடும். அதன் மேல் புது வாஷர் போட்டால் இரண்டு வாஷர். நாசில் முனை ஒரு வாஷர் கனத்துக்கு மேலே ஏறிக்கொள்ளும். ஸ்ப்ரே பிஸ்டன் கிண்ணத்தில் விழாமல் ஓரத்தில் அடிக்கும். நல்ல நாசில்கூட அங்கே மிஸ் ஆகும், புகையும். நீங்களோ ‘குறை நகரவில்லை, ஆகவே நாசில் இல்லை’ என்று முடிவு கட்டி கம்ப்ரஷன் கேஜைத் தேடிப் போவீர்கள். ஒரு வாஷர் முழு முடிவையும் புரட்டிப் போடும்.

- இரண்டு நாசில் உருவினால் மேஜையில் இரண்டு பழைய வாஷர் இருக்க வேண்டும். எண்ணுங்கள். குறைந்தால் டார்ச் அடித்து, வளைத்த கம்பியால் எடுங்கள்.
- சீட்டில் உள்ள கரியைச் சுரண்டித் துடைத்த பிறகே புதுசு.
- புதுசு இல்லாவிட்டால் பழையதைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போடுங்கள். இரும்பு மாதிரி இறுகாது, செம்பு இளகும்.
- கிளாம்பில் இரண்டு நட் இருந்தால் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக, மேனுவல் டார்க் வரை.
- வாஷர் போட மறந்தால் ‘சிக் சிக்’ என்று கேஸ் ஊதும், நாசிலைச் சுற்றி ஈரக் கரி படியும்.

நாசில் டெஸ்டரில்: திறக்கும் பிரஷர் மேனுவல்படி (பழைய டைரக்ட் இன்ஜெக்‌ஷனில் பெரும்பாலும் 200 பார் பக்கம்). அதற்கு 20 பார் கீழே 10 வினாடி பிடித்தால் முனையில் சொட்டு சேரக் கூடாது. ஸ்ப்ரே எதிரே கை வைக்காதீர்கள்.

டாப்பெட் இடைவெளி வைக்க ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்கள் எரியும் வரிசை) 1-5-3-6-2-4. ஜோடி கூட்டினால் 7: 6 ராக் ஆகும்போது (எக்ஸாஸ்ட் வால்வு மூடி இன்டேக் திறக்கும் நேரம்) 1-ஐ வையுங்கள், 2 ராக் ஆனால் 5, 4 ஆனால் 3, அப்படியே திருப்பியும்.

கம்ப்ரஷனுக்கு டீசல் கேஜ்தான். 20 பாருக்கு மேல் போகும், பெட்ரோல் கேஜ் தாங்காது. பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர் குறைந்தால் ஹெட் கேஸ்கெட்.

ஷீட்டில் எழுதும்போது இந்த அளவுக்காவது வேண்டும்: ‘ஸ்லோவில் மிஸ்ஸிங், குளிரில் வெள்ளைப் புகை. ரிட்டர்னில் குமிழ் இல்லை. கட்-அவுட்டில் 3 மாறவில்லை. 3, 4 நாசில்களை இடம் மாற்றியதும் மிஸ்ஸிங் 4-க்கு நகர்ந்தது. டெஸ்டரில் முனை சொட்டுகிறது. பழைய வாஷர் 2 எடுக்கப்பட்டது, புதுசு 2 போடப்பட்டது.’