அரையாண்டு விடுமுறை: ஒரு புத்தகம், ஓர் ஏரி, கொஞ்சம் பனங்கிழங்கு

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் அரையாண்டுத் தேர்வு முடிந்து கிடைக்கும் விடுமுறை மிகச் சிறியது. டிசம்பர் 24 வாக்கில் தொடங்கிப் புத்தாண்டை ஒட்டி முடிந்துவிடும். கோடை விடுமுறையைப் போலத் தாத்தா பாட்டி வீட்டில் ஒரு மாதம் தங்கிவர இதில் இடமில்லை. ஆனால் ஆண்டின் மிக இதமான நாள்கள் இவைதாம். மழை பெரும்பாலும் ஓய்ந்திருக்கும், ஏரிகள் நிறைந்திருக்கும், வலசைப் பறவைகள் வந்து சேர்ந்திருக்கும், விடியற்காலையில் தெருவெங்கும் கோலம் விரிந்திருக்கும். இத்தனையும் கையெட்டும் தொலைவில் இருக்கும்போது, பிள்ளைகளை வணிக வளாகத்துக்கு அழைத்துச் சென்று, திரைப்படச் சீட்டுக்கும் சோளப்பொரிக்கும் ஒரே மாலையில் மாதச் செலவின் ஒரு பகுதியைக் கொடுத்துவிட்டு வருவதற்கு எனக்கு மனம் ஒப்புவதில்லை.

ஐந்தாம் வகுப்பில் மகளும் இரண்டாம் வகுப்பில் மகனும் படிக்கும் எங்கள் வீட்டில், இந்த விடுமுறைக்கென்று ஒரு வழக்கத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம். வீட்டில் படிக்கும் புத்தகம் எங்களை வெளியே இழுத்துச் செல்ல வேண்டும்; வெளியே பார்த்தது மறுபடியும் ஒரு புத்தகத்திடம் கொண்டுவந்து விட வேண்டும். புத்தகத்தை மட்டும் கையில் கொடுத்து உட்கார வைத்தால், தேர்வு முடிந்து மூச்சுவிடும் பிள்ளைக்கு அது இன்னொரு வீட்டுப்பாடம். வெளியே அழைத்துச் செல்வது மட்டும் என்றால், திரும்பி வந்த பிறகு கைப்பேசியில் நிழற்படங்கள் மிஞ்சும். இரண்டும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும்போதுதான் பிள்ளைகள் கேள்வி கேட்கத் தொடங்குகிறார்கள்.

புத்தகத்துக்குச் செலவு அதிகம் என்ற எண்ணம் பல பெற்றோரிடம் இருக்கிறது. ஆங்கிலப் படப் புத்தகங்களின் விலையைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அது இயல்பே. ஆனால் 1957இல் தொடங்கப்பட்ட நேஷனல் புக் டிரஸ்ட், நேரு பால புத்தகாலயம் வரிசையில் தமிழிலும் படப் புத்தகங்களை மிகக் குறைந்த விலையில் தந்துவருகிறது. பாரதி புத்தகாலயத்தின் புக்ஸ் ஃபார் சில்ட்ரன் வெளியீடுகளும் எளிய குடும்பத்தை மனத்தில் வைத்து அச்சிடப்படுபவை. தூலிகா பதிப்பகத்தின் இருமொழிப் புத்தகங்களில் ஒரே பக்கத்தில் தமிழும் ஆங்கிலமும் இருப்பதால், ஆங்கிலவழிப் பள்ளியில் படித்துத் தமிழ் எழுத்துகளைத் தேர்வுக்காக மட்டும் தொடும் பிள்ளைகளுக்கு அவை பெரும் துணை. தாரா பதிப்பகத்தின் கைவேலைப் புத்தகங்கள் விலை கூடியவைதாம். ஆயினும் திருவான்மியூரில் உள்ள அவர்களுடைய புத்தக நிலையத்துக்குப் போய், கையால் செய்த தாளில் ஒவ்வொரு வண்ணமாக அச்சிடப்பட்ட பக்கங்களைப் பிள்ளைகள் தொட்டுப் பார்ப்பதற்குப் பணம் வேண்டியதில்லை.

செலவே இல்லாமல் படிக்கவும் வழி உண்டு. பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்க் கதைகள் வாசிப்புத் திறனுக்கு ஏற்ப நான்கு நிலைகளாகப் பிரித்து வைக்கப்பட்டுள்ளன. அவற்றைத் தரவிறக்கி அச்செடுத்துக்கொள்ளவும் அனுமதி உண்டு. பள்ளிக் கல்வித்துறையின் வாசிப்பு இயக்கப் புத்தகங்களையும் சொல்ல வேண்டும். நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளாக வகுக்கப்பட்ட அந்தச் சிறு புத்தகங்கள் அரசுப் பள்ளி மாணவர்களிடம் சென்று சேர்ந்தவை. பக்கத்து வீட்டில் அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளை இருந்தால், விடுமுறையில் புத்தகங்களை மாற்றிக்கொள்வதைவிட நல்ல நட்பு வேறில்லை. தெருக்கோடியில் உள்ள கிளை நூலகத்தை மறக்கவே கூடாது. 1948இலேயே பொது நூலகச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் நம்முடையது. அந்தச் சட்டத்தின் பயனாக நமக்குக் கிடைத்த நூலகத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டாமல் வளர்ப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் செய்தி. சென்னையில் இருப்பவர்கள் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் பிரிவில் ஒரு முழுப் பகலைக் கழிக்கலாம். மதுரைக்காரர்களுக்கு 2023 ஜூலையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது.

புத்தகத்தைத் தேர்ந்தெடுப்பதில் எனக்கு ஓர் உறுதியான கருத்து உண்டு. தமிழில் தடுமாறும் பிள்ளைக்கு, வயதுக்கு ஒரு படி கீழான புத்தகத்தைத் தயங்காமல் கொடுங்கள். பத்து வயதுப் பெண் எட்டுப் பக்கப் படப் புத்தகத்தைச் சரளமாகப் படித்துத் தன் தம்பிக்குச் சொல்லும்போது அவளுக்கு வரும் தன்னம்பிக்கையை, எழுத்துக் கூட்டித் தடுக்கி விழும் பெரிய நாவல் ஒருபோதும் தராது. பெரிய புத்தகங்களை நாம் படித்துக் காட்டலாம். இரவு உணவுக்குப் பிறகு விளக்கைக் குறைக்காமல், தொலைக்காட்சியை மட்டும் நிறுத்திவிட்டு அரைமணி நேரம் வாய்விட்டுப் படிப்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பிடித்த பொழுது. நேஷனல் புக் டிரஸ்ட் தமிழில் வெளியிட்ட ஜப்பானிய நூலான டோட்டோ-சான் இதற்கு மிகவும் பொருத்தமாக அமைந்தது. அதன் அத்தியாயங்கள் சிறியவை, ஓர் இரவுக்கு இரண்டு மூன்று படிக்கலாம். அதில் வரும் பள்ளியில் பழைய ரயில் பெட்டிகளே வகுப்பறைகள் என்று கேட்டதும், பெட்டிக்குள் கரும்பலகையை எங்கே மாட்டுவார்கள் என்று மகன் விடாமல் கேட்டான். பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை வளாகத்தை ஒட்டிய ரயில் அருங்காட்சியகத்துக்கு நாங்கள் போனது அந்தக் கேள்வியைத் தொடர்ந்துதான். அங்கே நிற்கும் பழைய பெட்டிகளைப் பார்த்து அவன் தானே ஒரு பதிலைக் கண்டுபிடித்துக்கொண்டான்.

இந்தக் குளிர்காலத்துக்கென்றே தமிழில் ஒரு பாட்டு இருக்கிறது. சத்திமுத்தப் புலவர் நாரையைப் பார்த்துப் பாடியது. கும்பகோணத்துக்கு அருகில் உள்ள சத்திமுத்தத்திலிருந்து பரிசில் தேடி மதுரைக்குப் போன ஏழைப் புலவர், வாடைக் காற்றில் போர்த்திக்கொள்ளத் துணியின்றிக் கைகளால் உடம்பைப் பொத்திக்கொண்டு, கால்களை மடக்கி ஒடுங்கிக் கிடக்கிறார். வானத்தில் பறக்கும் நாரைகளிடம், நீங்கள் குமரியில் நீராடி வடக்கே திரும்பும்போது எங்கள் ஊர்க் குளத்தில் தங்கி, நனைந்த சுவருள்ள வீட்டில் பல்லியின் சத்தத்துக்குக் காத்திருக்கும் என் மனைவியிடம் என் நிலையைச் சொல்லுங்கள் என்று வேண்டுகிறார். நாரையின் அலகுக்கு அவர் சொல்லும் உவமை பிளந்த பனங்கிழங்கு. பாடப் புத்தகத்தில் மனப்பாடம் செய்து மறந்துபோன வரி அது. மார்கழி, தை மாதங்களில்தான் பனங்கிழங்கு சந்தைக்கு வருகிறது என்பது நினைவுக்கு வந்தபோது, இந்தப் பாட்டைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பது எனக்குத் தெளிவாகிவிட்டது.

பேருந்து நிலையத்தின் வாசலிலோ வாரச் சந்தையிலோ கட்டுக் கட்டாக விற்கும் கிழங்கை வாங்கிவந்து, உப்பும் மஞ்சளும் போட்டு வேகவையுங்கள். பனங்கொட்டைகளை மண்ணில் பாத்தி கட்டிப் புதைத்து, அவை முளைவிட்டுக் கீழ்நோக்கி இறக்கும் கிழங்கைச் சில மாதங்கள் கழித்துத் தோண்டி எடுப்பார்கள் என்பதை வேகும் நேரத்தில் சொல்லலாம். வெந்த பிறகு தோலை உரித்து, நுனியிலிருந்து நீளவாக்கில் பாதி வரை பிளக்கச் சொல்லுங்கள். நீண்டு, கூர்மையாக, இரண்டாகத் திறந்து நிற்கும் அந்த வடிவத்தைக் கையில் பிடித்த பிறகு பாட்டை விளக்க வேண்டிய தேவை இருக்காது. மகள் அதைத் திறந்து மூடித் திறந்து மூடித் தம்பியைக் கொத்த வந்தாள்.

அதற்கு அடுத்த வேலை உண்மையான நாரையைப் பார்ப்பது. செங்கற்பட்டு மாவட்டத்தில் உள்ள வேடந்தாங்கலுக்குச் சென்னையிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர். புறநகர் ரயிலில் செங்கற்பட்டு வரை போய் அங்கிருந்து பேருந்தைப் பிடித்தால், நான்கு பேர் போய்வரும் செலவு ஒரு திரைப்படத்தின் செலவைவிடக் குறைவு. நவம்பரிலிருந்து பறவைகள் வரத் தொடங்கும். டிசம்பர் இறுதியில் நீருக்குள் நிற்கும் கடம்ப மரங்களில் கூடுகளைப் பார்க்கலாம். நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், பாம்புத்தாரா, நீர்க்காகம் என்று பறவைகளின் பெயர்களே பிள்ளைகளுக்குப் பாதிக் கதையைச் சொல்லிவிடுகின்றன. நத்தைகுத்தி நாரை அலகை மூடினாலும் நடுவில் ஓர் இடைவெளி தெரியும். இதுதான் புலவர் சொன்ன நாரையா என்று கேட்ட மகள், பாட்டில் அலகு பவள நிறம், காலும் சிவப்பு, இது அப்படி இல்லையே என்று தானே மறுத்தாள். ஒரு பழம்பாட்டின் அடைமொழியை ஒரு குழந்தை சான்றாக எடுத்து வாதிட்டதைக் கேட்ட மகிழ்ச்சி எனக்கு இன்றும் இருக்கிறது.

வேடந்தாங்கலில் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டியது அந்த ஊர் மக்களின் கதை. பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரமாகிறது என்பதைத் தலைமுறைகளுக்கு முன்பே அறிந்திருந்த விவசாயிகள், பறவைகளை யாரும் சுடக் கூடாது என்று 1798ஆம் ஆண்டிலேயே ஆங்கிலேய ஆட்சியரிடமிருந்து ஓர் உத்தரவைப் பெற்றார்கள். சரணாலயம் என்ற அரசு அறிவிப்பெல்லாம் அதற்கு வெகுகாலம் கழித்து வந்ததுதான். சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடிச் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில், பறவைகள் மிரளும் என்பதற்காகத் தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை. திருநெல்வேலிப் பக்கம் கூந்தன்குளத்தில் ஊருக்குள் இருக்கும் மரங்களிலேயே பறவைகள் கூடு கட்டுகின்றன. தெற்கே இருப்பவர்கள் வேடந்தாங்கலைத் தேடி வரவேண்டியதில்லை. எங்கே போனாலும் காலையிலோ மாலை நான்கு மணிக்குப் பிறகோ போங்கள். நண்பகலில் பெரும்பாலான பறவைகள் இரை தேடி வெளியே போயிருக்கும். கூடு திரும்பும் நேரத்தின் ஆரவாரம்தான் பார்க்க வேண்டியது.

வெளியூர் போக முடியாதவர்களுக்கு மொட்டைமாடி இருக்கிறது. டிசம்பர் கடைசியில் இரவு எட்டு, ஒன்பது மணிக்குக் கிழக்கே பார்த்தால், வரிசையாக நிற்கும் மூன்று விண்மீன்களை நகரத்து வெளிச்சத்திலும் கண்டுபிடிக்கலாம். அவற்றுக்கு அருகில் செம்மையாகத் தெரியும் பெரிய விண்மீன் திருவாதிரை. அந்த மூன்றையும் இணைக்கும் கோட்டை மேல்நோக்கி நீட்டினால் ரோகிணி வரும், அதையும் தாண்டினால் கொத்தாகக் கார்த்திகை. எதிர்ப்பக்கம் கீழே நீட்டினால் இரவு வானிலேயே மிகப் பிரகாசமான விண்மீனான சிரியஸ். நாள்காட்டியில் வெறும் பெயராக அறிந்த நட்சத்திரம் தலைக்கு மேலே இருக்கிறது என்பது பிள்ளைகளுக்குப் பெரும் வியப்பு. மார்கழியில் முழுநிலா திருவாதிரைக்கு அருகில் வருவதால்தான் ஆருத்ரா தரிசனமும் களியும் அந்த நாளில் வருகின்றன என்பதை, களி கிண்டும் பாட்டியே பேரனுக்கு மாடியில் காட்டலாம்.

கோலமும் அப்படித்தான். அரிசி மாவைத் தவிர இதற்குச் செலவில்லை. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கணிதப் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணியும் அவருடன் பணியாற்றியவர்களும் 1970களில், புள்ளிகளைச் சுற்றிக் கோடு வளைந்து செல்லும் சிக்குக் கோலங்களை ஆராய்ந்து, படங்களை விதிகளாக விவரிக்கும் கணினி இலக்கணங்களுக்கு அவற்றைப் பயன்படுத்தினார்கள். பிள்ளைகளுக்கு அதில் ஒரு சிறு பகுதியையாவது தொட்டுக் காட்டலாம். கட்டம் போட்ட கணக்கு நோட்டில் மூன்று புள்ளி வீதம் நான்கு வரிசை வைத்து, அடுத்தடுத்த புள்ளிகளின் நடுவே கோடு எப்போதும் குறுக்கே வெட்டிச் செல்ல வேண்டும், ஓரத்துக்கு வந்தால் மட்டும் திரும்ப வேண்டும் என்ற விதியோடு வரையச் சொல்லுங்கள். ஒரே கோட்டில் கோலம் முடிந்துவிடும். நான்கு புள்ளி வீதம் நான்கு வரிசை வைத்தால் நான்கு தனிக் கோடுகள் தேவைப்படும். நான்கு புள்ளி வீதம் ஆறு வரிசைக்கு இரண்டு. இரு எண்களின் மீப்பெரு பொதுக் காரணி எதுவோ, அத்தனை கோடுகள். ஆறாம் வகுப்புக் கணக்கை ஐந்தாம் வகுப்புப் பெண் வாசற்படியில் உட்கார்ந்து கண்டுபிடிப்பதற்கு வழி இது. மறுநாள் விடியற்காலையில் அவளை யாரும் எழுப்ப வேண்டியிருக்கவில்லை.

கடைசியாகப் புத்தகக் காட்சி. 1977 முதல் நடந்துவரும் சென்னைப் புத்தகக் காட்சி டிசம்பர் இறுதியிலோ ஜனவரித் தொடக்கத்திலோ நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் தொடங்கும். எல்லா அரங்குகளிலும் பத்து விழுக்காடு தள்ளுபடி உண்டு. தேதி விடுமுறைக்குள் விழாவிட்டாலும் பொங்கல் விடுமுறை பெரும்பாலும் கைகொடுக்கும். பிள்ளைகளிடம் ஆளுக்கு ஒரு சிறு தொகையைக் கையில் கொடுத்துவிட்டு, எதை வாங்கலாம் என்று நாம் வாய் திறக்காமல் இருப்பது நல்லது. முதல் சுற்றில் எதையும் வாங்காமல் பார்த்துவிட்டு, உட்கார்ந்து கொண்டுவந்த சோற்றைச் சாப்பிட்டு, இரண்டாம் சுற்றில் வாங்கச் சொன்னால் போதும். வார நாளின் காலையில் போனால் நெரிசல் இருக்காது. சிறுவர் புத்தக அரங்குகளில் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து படித்தாலும் பெரும்பாலும் யாரும் எழுப்புவதில்லை. தண்ணீர்ப் புட்டியும் கனமான துணிப்பையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.