சருகு பொறுக்கும் ஞாயிறுகள்

மார்ச் 2, ஞாயிறு

சமையலறைக் கழிவை மட்கவைத்து உரமாக்கும் கம்போஸ்ட் வாளியைத் திறந்ததும் அழுகிய முட்டை வாடை முகத்தில் அடித்தது. மூன்று வாரமாகக் காய்கறித் தோலும் பழத்தோலும் மட்டுமே போட்டு வந்திருக்கிறேன். அடியில் கருப்பாகத் தண்ணீர் தேங்கி நிற்கிறது. பெரியவள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "குப்பையிலேயே போட்டுடலாம்ப்பா" என்றாள்.

எனக்கு மனம் வரவில்லை. குப்பைமேட்டுக்குப் போனால் இதே தோல் காற்றுப் படாமல் அடியில் கிடந்து மீத்தேனைக் கக்கும். நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால், அது கார்பன் டை ஆக்சைடைவிட 25 மடங்குக்கும் மேல் பூமியைச் சூடாக்கும் வாயு. இப்போது என் வாளிக்குள்ளும் காற்று இல்லை. அதுதான் இந்த நாற்றம்.

மார்ச் 3, திங்கள்

படித்துப் பார்த்ததில் தவறு புரிந்தது. நன்றாக மட்க வேண்டுமானால் நைட்ரஜன் ஒரு பங்கு என்றால் கார்பன் 25 முதல் 30 பங்கு இருக்க வேண்டும். தோலில் நைட்ரஜன் அதிகம். கார்பன் இருப்பது சருகிலும் அட்டையிலும். கைக்கணக்காக, ஒரு கிண்ணம் தோலுக்கு இரண்டு மூன்று கிண்ணம் சருகு. இன்றைக்கு ஓர் அட்டைப்பெட்டியைக் கிழித்துப் போட்டுக் குச்சியால் கிளறிவிட்டேன். சருகுக்கு வெளியேதான் போகவேண்டும்.

மார்ச் 9, ஞாயிறு

"பூங்காவுக்கு வா" என்று எத்தனை முறை கூப்பிட்டும் அசையாத பெரியவள், "சருகு பொறுக்கணும், பை பிடிக்க ஆள் வேணும்" என்றதும் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். சின்னவன் அவளுக்கு முன்னால் ஓடினான்.

நடைபாதையில் கிடந்ததை மட்டும் எடுத்தோம். விட்டுவைத்தால் கூட்டிக் கொளுத்திவிடுவார்கள். மரத்தடிச் சருகில் கை வைக்கவில்லை. சின்னவன் அங்கே ஒரே ஓர் இலையைத் தூக்கிப் பார்த்தான். அடியில் மரவட்டை. விரல் பட்டதும் சுருண்டு, சட்டைப் பொத்தான் போல ஆகிவிட்டது. "செத்துப் போச்சா?" என்றான், உதடு பிதுங்க. பொறுத்திருக்கச் சொன்னேன். மூன்று பேரும் குத்தவைத்து உட்கார்ந்தோம். மெல்லப் பிரிந்தது; முதலில் உணர்கொம்பு, அப்புறம் அலை அலையாகக் கால்கள். சருகைத் தின்று மண்ணாக்குவதுதான் அதன் வேலை என்றதும், எடுத்த இலையை இருந்த இடத்திலேயே வைத்து மூடினான். "மரத்தடி அவங்க வீடு, நமக்குப் பாதை மட்டும்" என்று பெரியவள் சட்டம் போட்டாள்.

அவளுக்குக் கிடைத்தது ஓர் இலைக்கூடு. சதையெல்லாம் மட்கிப்போய் நரம்பு மட்டும் வலை போல மிச்சம். வெயிலுக்கு நேரே பிடித்து வெகுநேரம் பார்த்தாள். அதை வாளியில் போட மாட்டாளாம்.

மார்ச் 12, புதன்

வாடை பாதிக்கு மேல் போய்விட்டது.

மார்ச் 22, சனி

வாளி நிறைய சாம்பல் நிறத்தில் தட்டையான புழுக்கள் நெளிகின்றன. மனைவி பதறிப்போய் மொத்தத்தையும் கொட்டச் சொன்னாள். தேடிப் பார்த்ததில் அவை கருப்புப் படைவீரன் ஈயின் புழுக்கள். கழிவை வேகமாகத் தின்று தீர்ப்பவை. வளர்ந்த ஈயும் வீட்டு ஈ மாதிரி சாப்பாட்டில் வந்து மொய்க்காது. படத்தைக் காட்டியதும் கொஞ்சம் சமாதானமானாள். மேலே இன்னொரு கை சருகு தூவி மூடினோம்.

மார்ச் 30, ஞாயிறு

சின்னவனுக்குக் காய்ச்சல். போகவில்லை. ஜன்னலோரம் படுத்தபடி, "மரவட்டை என்ன பண்ணும் இப்போ?" என்று இரண்டு தடவை கேட்டான்.

ஏப்ரல் 20, ஞாயிறு

ஏழு வாரம் ஆயிற்று. ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிழிந்தேன். விரலிடுக்கில் ஒரே ஒரு சொட்டுதான் எட்டிப் பார்த்தது. இந்த அளவு ஈரம் சரி. தோல் எது, இலை எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. முட்டை ஓடு மட்டும் அப்படியே வெள்ளையாகக் கிடக்கிறது. சலித்துச் செடிக்குப் போட இன்னும் ஒரு மாதமாவது விடவேண்டும்.

சின்னவன் மணிக்கட்டு வரை கையை உள்ளே விட்டான். "சூடா இருக்குப்பா!" உள்ளே கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான உயிர்கள் தின்றுகொண்டும் மூச்சுவிட்டுக்கொண்டும் இருக்கின்றன, அந்தச் சூடுதான் இது என்றேன். கையை எடுக்காமல் அப்படியே வைத்துக்கொண்டிருந்தான். பெரியவளும் கை விட்டாள். மூக்கைப் பொத்தவில்லை.

சருகு தீரப்போகிறது என்று அவள்தான் சொன்னாள். பை ஏற்கெனவே வாசலில் இருந்தது.