பக்கத்து சீட்ல பெரியப்பா

எங்க பெரியப்பா அரசு பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவரு. அவரை பக்கத்துல உக்கார வச்சுட்டு கலிபோர்னியாவுல சான் ஹோசேல இருந்து லாஸ் ஏஞ்சலஸ் வரைக்கும் கார் ஓட்டுறதுக்கு, லைசன்ஸுக்கு டிஎம்வி ஆபீஸ்ல வைக்கிற டெஸ்ட் எவ்வளவோ தேவலாம்.

காலைலயே கிளம்பி 101 சவுத் ஹைவேல ஏறி கார்பூல் லேன் புடிச்சேன். வண்டில ரெண்டு பேர் இருந்தாதான் இந்த நேரத்துல இதுல போலாம்னு சொன்னதும் "அப்ப நான் சும்மா உக்காந்து வர்றதுக்கா தனி ரோடு போட்டிருக்கான்?"னு நிமிர்ந்து உக்காந்தவருதான், மோர்கன் ஹில் வர்ற வரைக்கும் பக்கத்துல தனியா ஓட்டிட்டு வந்தவங்கள பாவமா பாத்துட்டே வந்தாரு.

152ம் நம்பர் ரோடு வழியா மலை தாண்டி ஐ-5 ஹைவேல ஏறினதும்தான் கச்சேரி ஆரம்பம். அந்தப் பக்கம் போனவங்களுக்குத் தெரியும், பெரும்பாலும் ரெண்டே லேன், ஸ்பீட் லிமிட் காருக்கு மணிக்கு 70 மைல், பெரிய லாரிக்கு 55, இதுல ஒரு லாரிக்காரன் இன்னொரு லாரிய ஓவர்டேக் பண்ணணும்னு ஆசைப்பட்டா அது முடியறதுக்குள்ள ஒரு பாதாம் தோப்பே முடிஞ்சிடும், பின்னாடி வர்ற காரெல்லாம் கடுப்புல ஒட்டிக்கிட்டே வரும். நான் மட்டும் மூணு செகண்ட் கேப் விட்டு வந்தேன்.

"என்னடா தம்பி இவ்ளோ இடம்? எவனாவது பூந்துருவான்."

பூந்தான். நான் காலை எடுத்து மறுபடி கேப் விட்டேன். மறுபடி ஒருத்தன் பூந்தான். பெரியப்பாவுக்கு மானமே போயிடுச்சு. 70 மைல்ல போனா செகண்டுக்கு நூறு அடி பெரிப்பா, மூணு செகண்டுன்னா முன்னூறு அடி வேணும்னேன். மனசுக்குள்ள கணக்குப் போட்டு, "எட்டு பஸ் நிக்குமேடா! இந்த இடத்துல ஒரு கல்யாணமே நடத்தலாம்"னாரு.

கெட்டில்மேன் சிட்டி பக்கம் தக்காளி லாரி ஒண்ணு, ரெண்டு ட்ரெய்லர், மேல மூடிகூட இல்லாம ரொப்பி வச்சிருக்கான், இவரு கிலோ என்ன விலை வரும்னு கேக்கறப்பவே முன்னாடி வரிசையா சிவப்பு லைட்டு. ஹசார்ட் லைட்ட போட்டுட்டு, கண்ணாடில பின்னாடி பாத்துக்கிட்டே மெதுவா பிரேக்க அழுத்தினேன். பூந்தவன் ரோட்டோர ஷோல்டர்ல இறங்கி புழுதியோட நின்னான். பெரியப்பாவோட வலது கால் அழுத்துன அழுத்துல ஃப்ளோர் மேட் சுருண்டு போச்சு. எதுக்கு நின்னாங்கன்னு பாத்தா ஒண்ணுமே இல்ல, தானா நகர ஆரம்பிச்சிடுச்சு.

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "அஞ்சு பஸ்ஸு செலவாயிடுச்சு தம்பி."

அதுக்கப்புறம் கேப்புக்கு அவருதான் காவல். எவன் பூந்தாலும் "டேய், ரெண்டு பஸ்ஸ தின்னுட்டான், நீ பின்னாடி வா"ம்பாரு. நான் ஜிபிஎஸ்ஸ எட்டிப் பாத்தா அத புடுங்கி மடில வச்சுக்கிட்டு அவரே வழி சொல்றாரு, எக்ஸிட்ட மட்டும் ஈக்ஸிட்டுங்கறாரு.

கிரேப்வைன்ங்கற மலை ஏத்தம் வந்துச்சு. இன்ஜின் சூடாகும், ஏசிய நிறுத்துங்கன்னு ஓரத்துல போர்டு. அதெல்லாம் பழைய வண்டிக்கு பெரிப்பான்னு சொல்லி முடிக்கறதுக்குள்ள நிறுத்திட்டாரு. ஆகஸ்ட் மாச வெயில். ரெண்டு பேருக்கும் சட்டை நனைஞ்சு போச்சு. உச்சி தாண்டி இறங்க ஆரம்பிச்சாச்சு, இப்பவாவது போடட்டுமான்னு கேட்டேன்.

"போட்டுக்கலாம்னு எங்கயாச்சும் போர்டு வருதா பாரு."