தேர்தல் பத்திரப் பட்டியலை நானே டேலி பண்ணிப் பார்த்தேன்

கோயம்புத்தூரில் ஒரு நூற்பாலையில் கணக்கராக இருக்கிறேன். பேங்க் ஸ்டேட்மென்டையும் எங்கள் லெட்ஜரையும் வரிக்கு வரி வைத்து ஒப்பிடுவது தினசரி வேலை. தேர்தல் பத்திரக் கணக்கையும் அப்படிப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது அந்தப் பழக்கத்தால்தான்.

தேர்தல் பத்திரம் என்பது ஸ்டேட் பேங்கில் வாங்கி, பெயர் வெளியே தெரியாமல் ஒரு கட்சிக்கு நன்கொடையாகக் கொடுக்கும் பத்திரம்; கட்சி அதைப் பணமாக்கிக்கொள்ளும். 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் திட்டத்தை ரத்து செய்தது. மார்ச் 14 அன்று தேர்தல் ஆணையம் 763 பக்கங்களை வெளியிட்டது. ஆசையாகத் திறந்தேன். வாங்கியவர்கள் ஒரு பட்டியல், பணமாக்கிய கட்சிகள் இன்னொரு பட்டியல். யார் யாருக்குக் கொடுத்தார் என்று இணைக்க வழியே இல்லை. நீதிமன்றம் மறுபடி கண்டித்த பிறகுதான், மார்ச் 21 அன்று ஸ்டேட் பேங்க் பத்திர எண்களையும் கொடுத்தது. அந்த எண் வெறும் கண்ணுக்குத் தெரியாது, புற ஊதா ஒளியில் தெரியும் என்று பூனம் அகர்வால் என்ற பத்திரிகையாளர் இரண்டு பத்திரங்களை வாங்கிச் சோதித்து 2018லேயே எழுதியிருந்தார்.

வெள்ளிக்கிழமை இரவு இரண்டு பிடிஎஃப்களையும் எக்செலுக்கு மாற்றினேன். வாங்கிய பக்கம் 18,871 வரிகள், பணமாக்கிய பக்கம் 20,421. பத்திர எண்ணை வைத்து வி-லுக்கப் (ஒரு பட்டியலில் உள்ள எண்ணை இன்னொன்றில் தேடிப் பெயரை எடுத்துத் தரும் எக்செல் ஃபார்முலா) போட்டேன். பெயர்கள் கடகடவென்று விழுந்தன. ஆனால் ஒரு கோடி ரூபாய்ப் பத்திரத்துக்கு எதிரே பத்து லட்ச ரூபாய்ப் பத்திரம் வாங்கியவர் பெயர் நின்றது. ஒரு மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகே புரிந்தது: ஒரே எண் வெவ்வேறு மதிப்புகளில் திரும்ப வருகிறது. எண்ணுக்கு முன்னால் உள்ள எழுத்துகளையும் (கோடிக்கு OC, பத்து லட்சத்துக்கு TL) சேர்த்து ஒட்டினால்தான் சரியான ஜோடி கிடைக்கும். இதைச் செய்து பார்க்க நினைப்பவர்கள் இந்த இடத்தில் கவனமாக இருங்கள். தவறான ஜோடி என்றால் தவறான ஆள்மீது பழி.

சனிக்கிழமை மதியம் எங்கள் ஊர் முகவரி கொண்ட ஃப்யூச்சர் கேமிங் நிறுவனத்தை ஃபில்டர் செய்தேன். 1,368 கோடி ரூபாய். லாட்டரித் தொழில்தான் அவர்களுக்குப் பிரதானம். தமிழ்நாட்டில் லாட்டரி 2003லிருந்து தடை. அந்தப் பணத்தில் திரிணமூலுக்கு 540 கோடிக்கு மேல், திமுகவுக்கு 500 கோடிக்கு மேல், பாஜகவுக்கு 100 கோடி, மீதி வேறு கட்சிகளுக்கு. மேகா இன்ஜினியரிங் என்ற கட்டுமான நிறுவனம் 966 கோடி, அதில் பெரும்பகுதி பாஜகவுக்கு. பதிலுக்கு என்ன நடந்தது என்பதை இந்த வரிகள் சொல்லாது, அதற்கு டெண்டர்களையும் ரெய்டு தேதிகளையும் தனியாக வைத்துப் பார்க்க வேண்டும். 2017க்கு முன் ஒரு கம்பெனி மூன்று ஆண்டு சராசரி லாபத்தில் 7.5 சதவீதம் வரைதான் தர முடியும், எந்தக் கட்சிக்கு என்றும் கணக்கில் காட்ட வேண்டும். இரண்டையும் எடுத்துவிட்டார்கள். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். முப்பது வருடம் ஒரு கட்சியின் கிளைச் செயலாளர். வீடு வீடாகப் போய் பத்து ரூபாய் வாங்கினாலும் ரசீதில் பேர், ஊர் எழுதுவார். அடிக்கட்டைகளை ரப்பர் பேண்ட் போட்டு பரணில் வைத்திருக்கிறார். "நம்ம கட்சியைப் போடு தம்பி" என்றார். போட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு கடைசி வரி வரை படித்தார். ஒன்றும் பேசவில்லை.

பணமாக்கிய பட்டியலின் முதல் வரியிலேயே பெயர் வராமல் பிழை காட்டியது. அதிமுக, 2019 ஏப்ரல் 12. ஃபார்முலா தப்போ என்று மூன்று முறை பார்த்தேன். தப்பில்லை. அந்தத் தேதிக்கு முன் வாங்கிய பத்திரங்கள் வாங்கியவர்கள் பட்டியலிலேயே கிடையாது. அதிமுகவின் 6.05 கோடியில் பெரும்பகுதி சென்னை சூப்பர் கிங்ஸ் நிறுவனம் தந்தது என்பது, அந்தக் கட்சியே ஆணையத்திடம் சொன்னதால் தெரிந்தது. அப்படிச் சொன்ன கட்சிகள் சிலதான்.

ஞாயிறு இரவு முடித்தபோது பெயர் வராத வரிகள் 1,500க்கும் மேல் நின்றன. அவற்றை மஞ்சள் அடித்துத் தனி ஷீட்டில் வைத்திருக்கிறேன்.